டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்

முன்னுரை

பெரியோர் வரலாற்றைப் படிப்பதால் விளையும் பயன் பல. அவர் வாழ்வின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி பெரும்பாலும் சிறியதே என்பதையும், அத்தகைய நிகழ்ச்சி நம் வீட்டு வாயிலிலும் நேரக்கூடியதே என்பதையும் உணர்தல் அப்பயன்களுள் தலையாயது. அங்ஙனம் ஒரு நிகழ்ச்சி யாம் பிறந்த ஊர்க்கு மிக அண்மையிலேயே நிகழ்ந்தது.

எம்மூர் மேல்சித்தாமூர். கிழக்கே திண்டிவனத்திற்கும் மேற்கே செஞ்சிக்கும் இடையில், வயலும் பனையும் சூழ அமைந்த சிற்றூர். தமிழ்ச் சமணரின் திருமடமும் பார்சுவநாதர் கோயிலும் அங்கு உள்ளமையால் அதற்கு ஒரு தனிப் பெயர் உண்டு. எம்மூரார் நோயுற்றால் திண்டிவனம் செல்வது வழக்கம். யாமும் சிறு பருவத்தில் அச்சாலையிற் பன்முறை சென்றுள்ளோம். ஆயினும், அத்திண்டிவனத்தில் ஓரிரவு நிகழ்ந்த மூன்று மரணங்களே வேலூரில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு வித்தாயின என்பதை இக்கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தோம்.

அவ்வித்தைத் தம் நெஞ்சில் ஏற்று வளர்த்தவர் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். அவர் வரலாற்றைக் கூறப் புகுவோர், பிள்ளைப்பேற்றின் இடரையும், கருவுறுதல் பற்றிய செய்திகளையும் நாணாது கூறுதல் வேண்டும். கல்லூரி மலரில் இவற்றை எழுதுதல் தகுமோ என ஐயுறுவார் உளராயின், நாணத்தின் பெயரால் மறைக்கப்பட்டதே உயிர்க்கு இறுதியாயிற்று என்பது இவ்வரலாற்றின் உட்கிடை ஆதலின், அவர் எம்மைப் பொறுத்தருள்வாராக.

பிறப்பும் இளமையும்

ஸ்கட்டர் என்னும் பெயர் தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. அம்மையாரின் பாட்டனாராகிய டாக்டர் ஜான் ஸ்கட்டர் நியூயார்க் நகரில் மருத்துவத் தொழில் நடத்தி நல்ல வருவாய் பெற்று வந்தவர். அதனைத் துறந்து 1819-ஆம் ஆண்டில் கப்பலேறினார். இலங்கையை அடைந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி புரிந்தார். 1836-இல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவினின்று அயல்நாடு சென்ற மருத்துவத் தொண்டருள் முன்னோடி அவரே. அவருடைய புதல்வர் 1853-இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். நான்கு தலைமுறைகளில் அக்குடும்பத்தார் நாற்பதுக்கு மேற்பட்டோர் இந்நாட்டில் உழைத்தனர் என்பர்.

அப்புதல்வருள் ஒருவரும், தந்தையின் பெயரையே பூண்டவருமாகிய டாக்டர் ஜான் ஸ்கட்டர்க்கும், சோபியா அம்மையார்க்கும் ஒரே மகளாக ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவர் குழந்தைப் பருவத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. உணவு வழங்குமிடத்திற்கு வந்த சிறுவருள் தம் கையால் எடுத்து உண்ணவும் வலியற்றவர் பலர். ஐடா ரொட்டியைச் சிறு துண்டுகளாக்கி அவர் வாயில் ஊட்டினார் என்று கூறுவர். ஆறேழு வயதுக் குழந்தையின் மனத்தில் இக்காட்சி அன்பினும் அச்சத்தையே மிகுதியாய் விளைத்தது போலும். இந்நாட்டை நினைக்குந்தோறும் பசியும் சாவுமே அவர் கண்முன் நின்றன.

1878-இல் குடும்பத்தார் அமெரிக்கா சென்று நெப்ராஸ்கா என்னும் பகுதியில் ஒரு பண்ணையில் வாழ்ந்தனர். சில ஆண்டுகளில் தந்தையார் இந்தியாவுக்கு மீண்டார். பின்னர்த் தாயாரும் அவரைத் தொடர்ந்தார். ஐடா உறவினர்பால் விடப்பட்டார். தாயைப் பிரிந்த அத்துயர் அவர் நெஞ்சில் நெடுநாள் ஆறாதிருந்தது. மாசச்சூசெட்ஸில் நார்த்பீல்டு என்னுமிடத்தில், மூடி என்னும் சமயப் பேச்சாளர் நிறுவிய பெண்கள் பள்ளியில் அவர் கல்வி பயின்றார். அழகும் குறும்பும் நிறைந்த அம்மாணவி, தம் குடும்பத்தாரைப் போலத் தாமும் இந்தியாவில் தொண்டராவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். அமெரிக்காவில் மணம் புரிந்து இனிது வாழ்வதே அவர் எண்ணம்.

திண்டிவனத்து இரவு

1890-ஆம் ஆண்டில், தாயார் நோயுற்றார் என்னும் செய்தி வந்தது. தந்தையார் அப்போது திண்டிவனத்தில் மிஷன் மருத்துவராக இருந்தார். தாயாரைப் பேணுதற்பொருட்டு, சில காலமே தங்குவதென்னும் கருத்துடன், இருபது வயதை எட்டிய ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். அங்கிருந்த நாட்களில்தான் அவ்விரவு வந்தது.

விளக்கொளியில் அவர் அமர்ந்திருந்தபோது வாயிலில் ஓர் அந்தண இளைஞர் வந்து நின்றார். அவர்தம் இளமனைவி, பதினான்கு வயதினள் என்பர், பிள்ளைப்பேற்றில் இடருற்று உயிர்க்குப் போராடிக் கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் ஒன்றும் இயலவில்லை. வந்து உதவுமாறு அவர் ஐடாவை வேண்டினார். மருத்துவம் அறிந்தவர் தம் தந்தையே என்றும், அவரை உடன் அனுப்புவதாகவும் ஐடா கூறினார். தாமும் உடன் வந்து தந்தை சொல்லும் வண்ணம் செய்வதாகவும் சொல்லிப் பார்த்தார். இளைஞர் இசைந்திலர். அயல் ஆடவர் தம் மனைவியைக் காண்பதினும் அவள் இறத்தல் நன்று என்று கூறி, வந்த வழியே திரும்பிப் போனார்.

சிறிது நேரம் கழிந்தது. மீண்டும் காலடி ஓசை கேட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே இடர்; அவர் வேண்டுகோளும் அதுவே; அவர் மறுப்பும் அதுவே. மூன்றாவதாக மற்றொரு மேற்குலத்து இந்து வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார்.

அவ்விரவு ஐடா துயின்றிலர். உதவி கேட்டு வந்தவர் மூவர். உதவி செய்ய வல்லவர் அதே வீட்டில் இருந்தார். எனினும் உதவி செல்லக்கூடவில்லை. விடியற்காலையில் ஊரில் சாப்பறை ஒலித்தது. பணியாளை அனுப்பி வினவியபோது, மூன்று பெண்களும் இறந்தனர் என்னும் செய்தி கிடைத்தது. ஐடா தம் அறையிற் புகுந்து நெடுநேரம் வேண்டுதலில் இருந்தார். பின்னர் வெளியே வந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று இந்நாட்டுப் பெண்களுக்கு உதவத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் சிலர் அக்கணவன்மாரைக் கொடியவராகச் சித்திரிப்பதுண்டு. எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. மனைவியிடத்து அன்பற்றவன் இருளில் அயலார் வாயிலைத் தேடி வரமாட்டான். மூவரும் ஓடி வந்தனர். மூவரும் அழுத கண்ணினராய் நின்றிருப்பர். வாயில்வரை அன்பு அவர்களைக் கொண்டுவந்தது. வாயிலைக் கடக்க வழக்கம் விட்டிலது. பழியனைத்தையும் மூவர் தலையிற் சுமத்திவிட்டால், நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இன்றும் நிற்கும் அவ்வழக்கம் தப்பித்துக்கொள்ளும்.

மருத்துவக் கல்வி

1895-இல் ஐடா பிலடெல்பியா நகரில் பெண்களுக்கென அமைந்த மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1898-இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியைத் திறந்து பெண்களையும் ஏற்றுக்கொள்ளவே, இறுதியாண்டுப் படிப்பை அங்கே முடித்து, 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியினின்று முதன்முதல் வெளிவந்த பெண் மருத்துவருள் அவர் ஒருவர்.

புறப்படுமுன் வேலூரில் ஒரு மகளிர் மருத்துவமனை கட்டுதற்குப் பொருள் திரட்டும் பொறுப்பும் அவர்க்கு அளிக்கப்பட்டது. ஷெல் என்னும் முதியவர் ஒருவர், இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல் அம்மையார் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அப்பொருளுடனும், ஆனி ஹான்காக் என்னும் தோழியுடனும் ஐடா கடல் கடந்து, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நாட்டை மீண்டும் அடைந்தார்.

வேலூர்த் தொண்டு

தந்தையாரிடம் சில ஆண்டு பயிற்சி பெறலாம் என்று அவர் நினைத்திருந்தார். அந்நினைவு நிறைவேறவில்லை. வந்த ஆண்டிலேயே, மே மாதத்தில், தந்தையார் புற்றுநோயால் இறந்தார். பட்டம் பெற்று ஓராண்டும் நிரம்பாத இளம் மருத்துவர் தனித்து நின்றார். வேலூரில் தாம் தங்கிய வீட்டின் சிற்றறை ஒன்றையே மருந்தகமாக்கி, ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார்.

முதலிற் பெண்கள் வரத் தயங்கினர். இளம்பெண் ஒருத்தி மருத்துவம் அறிவாளோ என்னும் ஐயம் அவர்க்கு. ஒருத்தி நலம் பெற்றுத் திரும்பவே மற்றொருத்தி வந்தாள். அவளைக் கண்டு பத்துப்பேர் வந்தனர். இரண்டு ஆண்டுகளில் 5,000 நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார் என்று கணக்குக் கூறுவர். 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர்ப் பெண்களை நாடி அவரே செல்லலானார். வாரத்திற்கு ஒரு நாள் வேலூரினின்று குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த மரநிழல்களில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுப்பார். தொடக்கத்தில் மாட்டு வண்டி. 1909 முதல் மோட்டார் வண்டி. அவ்வண்டியைக் கண்டு முதலில் அஞ்சி ஓடிய மக்கள், பின்னர் அது வரும் நாளை எண்ணிக் காத்திருந்தனர். புண்ணுக்கு மருந்திடுவதும், பிள்ளைப்பேற்றுக்கு முன் மருத்துவமனைக்கு வரவேண்டியவர் யார் என்று கண்டறிவதும் அம்மரநிழலிலேயே நடந்தன. 1909-இல் செவிலியர்க்குப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பெற்றது.

மருத்துவப் பள்ளி

தாம் ஒருவர் எத்துணை உழைத்தாலும், ஒரே இரவில் மூன்று வாயிலிலிருந்து அழைப்பு வந்தால் மூன்றிடத்தும் செல்லுதல் இயலாது என்பதை அம்மையார் நன்குணர்ந்தார். ஆகவே, இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்குதல் வேண்டும் என்று துணிந்தார். வடநாட்டில் லூதியானாவில் எடித் பிரௌன் அம்மையார் 1894-லேயே இத்தகைய பள்ளியைத் தொடங்கியிருந்தார். தென்னாட்டில் அது தேவை என்று ஐடா பல மிஷன்களையும் வேண்டினார். அரசாங்க மருத்துவத் தலைவர்க்கு இதில் நம்பிக்கை குறைவு. விண்ணப்பிக்க ஆறு பெண்களேனும் முன்வருவரோ என்று அவர் ஐயுற்றார் என்பர்.

1918 ஆகஸ்டு 12-ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டது. வாடகை வீடும் சில கருவிகளுமே அதன் முதல். ஆசிரியப் பொறுப்பிற் பெரும்பகுதியை அம்மையாரே தாங்கினார். முதலாண்டுப் பொதுத்தேர்வு வந்தது. ஆடவர்க்கே கடினமான தேர்வு என்றும், பெண்கள் தேறாவிடினும் மனந்தளரலாகாது என்றும் முன்னரே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. தேர்வு முடிவு வெளிவந்தபோது, மாகாணத்து ஆடவர் பள்ளிகளில் தேறினோர் ஐவரில் ஒருவர் என்னும் அளவே. வேலூர்ப் பெண்களோ 14 பேரும் தேறியிருந்தனர். 1922-இல் அவர்கள் பயிற்சி முடித்து மருத்துவராய் வெளிவந்தனர். திண்டிவனத்தில் அன்று வேண்டியிருந்தவர் ஒரு பெண் மருத்துவர். இப்போது ஒரே வகுப்பிற் பதினால்வர்.

கருவுறும் நாள்

பெண் மருத்துவர் தேவைப்படுவது பிள்ளை பிறக்கும் வேளைக்கு மட்டுமன்று. பிள்ளை வேண்டிக் காத்திருக்கும் பெண்ணுக்கும் அத்தேவை உண்டு. அவள் உயிர் ஓரிரவில் போவதில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. மகப்பேறு இல்லாதவளை மலடி என்று இகழ்தலும், கணவனுக்கு வேறு மணம் பேசுதலும் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்த வழக்கங்கள். இப்பொருளிலும் வாயில்வரை வந்து திரும்பிய கதையே நிகழ்ந்தது என்பதைச் சிறிது விரித்துரைப்போம்.

அம்மையார் 1899-இல் பட்டம் பெற்றபோது, ஒரு பெண் எந்நாளிற் கருவுறுவாள் என்பதை உலகில் எந்த மருத்துவக் கல்லூரியும் திருத்தமாக அறிந்திலது. பாலூட்டும் உயிர்களின் கருமுட்டையை பேயர் என்னும் அறிஞர் 1827-லேயே கண்டிருந்தார். எனினும் மகளிர் உடலில் அது வெளிப்படும் நாள் யாது என்பது விளங்கவில்லை. மாதப்பூப்பை ஒட்டிய நாட்களே கருவுறும் நாட்கள் என்றும், இடைநாட்களிற் கரு நில்லாது என்றும் மருத்துவர் பலர் எழுதிவந்தனர். உண்மை இதற்கு மாறானது.

அவ்வுண்மையைக் கண்டவர் ஜப்பான் நாட்டு நீகாத்தா நகரில் மருத்துவமனைப் பணி புரிந்த ஓகினோ என்பவர். தம்மிடம் அறுவை மருத்துவம் பெற்ற பெண் ஒவ்வொருத்தியிடமும் பூப்பு நிகழ்ந்த நாளைக் கேட்டு எழுதிக்கொண்டார். அறுவையின்போது சூற்பையின் நிலையைக் கண்டு, இரண்டையும் ஒப்பிட்டார். பூப்பு நிகழ்ந்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவதை விடுத்து, அடுத்த பூப்பிலிருந்து பின்னோக்கி எண்ணினால் கணக்கு ஒத்துவருவதைக் கண்டு, 1924-இல் வெளியிட்டார். அடுத்த பூப்புக்கு முன் 12 முதல் 16 நாட்களுக்குள் கருமுட்டை வெளிப்படுகின்றது என்பது அவர் முடிபு. ஆஸ்திரியா நாட்டு க்னௌஸ் என்பவரும் அதனை ஒட்டிய முடிபுக்குத் தனியே வந்தார்.

இன்றைய அறிவின்படி அதனை எளிதிற் கூறலாம். வெளிப்பட்ட கருமுட்டை ஒரு நாள் அளவே உயிர்ப்புடன் இருக்கும். ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை இருக்க வல்லது. ஆகவே, முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் ஆக ஆறு நாட்களே கருவுறுதற்கு உரியன. 28 நாளுக்கு ஒருமுறை பூப்பெய்துவாள் ஒருத்திக்கு முட்டை வெளிப்படுவது ஏறக்குறைய 14-ஆம் நாள். ஆகவே 9 முதல் 14 வரை உரிய நாட்கள். 35 நாளுக்கு ஒருமுறை பூப்பெய்துவாளுக்கு அது 21-ஆம் நாளை ஒட்டி அமையும். ஆகவே 16 முதல் 21 வரை. திங்கள்தோறும் இரண்டொரு நாள் முன்பின்னாதல் இயல்பு. அந்நாட்களிற் பெண்ணுறுப்பில் ஊறும் நீர் முட்டையின் வெண்கரு போலத் தெளிந்து இழுபடும். முட்டை வெளிப்பட்ட பின் உடல்வெப்பம் சிறிதளவு உயர்ந்து அடுத்த பூப்பு வரை நிற்கும். இவ்விரண்டு குறிகளையும் ஒரு பெண் தானே அறிந்துகொள்ளலாம்.

தமிழ் பயில்வார்க்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வரும். பூப்பின் பின் பன்னிரு நாளும் தலைவன் தலைவியைப் பிரிதலாகாது என்று கற்பியல் விதிக்கின்றது. உரையாசிரியரும் அதனைக் கருவுறுதலோடு இயைத்தே பொருள் கூறுவர். நாளை எண்ணவேண்டும் என்னும் அறிவு தமிழர்க்கு அத்துணைப் பழமையானது. 28 நாள் கணக்குடைய பெண்ணுக்கு அவ்விதி பெரிதும் பொருந்தவும் செய்யும். ஆயின் எல்லாப் பெண்களின் கணக்கும் ஒன்றன்று. இவ்வேறுபாடு எம் குடும்பத்திலேயே விளங்கிற்று.

எம் அத்தையார் ஒருவர் மேல்சித்தாமூரிலேயே மணம் முடிக்கப்பெற்று வாழ்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். மணமாகி ஏழாண்டு அவர்க்கு மகப்பேறு இல்லை. மாமா அவர்கள் சென்னையில் கட்டட வேலை செய்பவர். திங்களுக்கு ஒருமுறையே ஊர் வருவார். மூன்று நாள் கழிந்து தலைமுழுகியபின் ஒரு வாரம் உடனிருந்தாற் போதும் என்று வீட்டுப் பெரியோர் சொன்னபடி, அந்நாட்களுக்கே வந்து திரும்பினார். நேர்த்திக்கடன்கள் பெருகின. விசேஷ வீடுகளில் அத்தையாரை மஞ்சள் குங்குமம் எடுக்க விடாது ஒதுக்கினர். நாளடைவில் அவர் தாமே ஒதுங்கிக்கொண்டார். மருத்துவரிடம் செல்லலாம் என்றபோதெல்லாம், இதனை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று நாணினார்.

ஏழாம் ஆண்டில், வீடுதோறும் வரும் செவிலியர் அம்மா ஒருவர் திண்ணையில் அமர்ந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை விலக்காகிறது என்று அவரைக் கேட்டார். ஐந்து வாரத்திற்கு ஒருமுறை என்றார் அத்தையார். அவ்வினாவை அதுவரை ஒருவரும் கேட்டிலர். செவிலியர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மாமா ஊரில் இருந்தது ஏறக்குறைய 4 முதல் 11 வரையான நாட்கள். அத்தையார்க்கு உரியனவோ 16 முதல் 21 வரை. பன்னிரு நாளை மூன்று நாள் கழித்து எண்ணினும் 15-ஆம் நாளோடு முடிந்துவிடும். ஏழாண்டும் ஒரு வாரக் கணக்குப் பிழையாற் கழிந்தன. பெண் மருத்துவரிடம் இருவரும் சென்று சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் செவிலியர் கூறினார். தமக்கெதற்குச் சோதனை என்று முதலிற் சினந்த மாமாவும் பின்னர் இசைந்தார். குறை யாதும் காணப்படவில்லை. வரும் நாட்களை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டில் ஒரு பெண்மகவு பிறந்தது. அக்குழந்தைக்கு இப்போது வயது இரண்டு.

நாளை எண்ணினால் எல்லார்க்கும் மகப்பேறு வாய்க்கும் என்று யாம் கூறவில்லை. உடல்நலம் நிறைந்தார்க்கும் ஒரு திங்களில் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாது. ஓராண்டு முயன்றும் வாய்க்காவிடின் மருத்துவரை நாடவேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதமே அதற்கு எல்லை. குறை பெண்ணிடத்து மட்டுமே உளதாகும் என்பது பிழை. ஆண்பாலும் அது பெரும்பங்கு உண்டு. கணக்கு முறைமையின்றி வரும் பெண்டிர்க்கு இவ்வெண்ணிக்கை உதவாது; அவர்க்கும் மருத்துவரே துணை. யாம் வற்புறுத்துவது ஒன்றே: இக்கணக்கு அனைத்தும் பெண்ணின் வாய்ச்சொல்லில் தொடங்குகின்றது. ஓகினோவின் ஆராய்ச்சியும் பெண்கள் தம் நாளைச் சொன்னதால்தான் நிறைவேறியது. சொல்லக்கூடிய செவி அருகில் இல்லையேல் அறிவு எங்கிருந்தும் பயனில்லை. அச்செவிகளை ஊர்தோறும் உண்டாக்கியதே ஐடா அம்மையாரின் தொண்டு.

முதுமையும் முடிவும்

அத்தொண்டுக்கு அவர் முதுமையிற் பெரியதோர் இடர் நேர்ந்தது. 1938-இல் சென்னை அரசாங்கம், இனி மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டத்தோடு இயைந்ததாகவே இருத்தல் வேண்டும் என முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளி அளித்து வந்ததோ கீழ்நிலைச் சான்று. பெரிய மருத்துவமனையும், ஆய்வுக்கூடங்களும், உயர்பட்டம் பெற்ற ஆசிரியரும் இல்லையேல் பள்ளியை மூடவேண்டிய நிலை. அம்மையார்க்கு அப்போது எழுபது வயது நெருங்கியிருந்தது. ஓய்வு கொள்ளவேண்டிய அவ்வயதில் மீண்டும் அமெரிக்கா சென்று, உலகப்போர் நடந்த ஆண்டுகளில் ஊர்தோறும் பேசிப் பொருள் திரட்டினார். ஆடவரையும் சேர்த்துக் கல்லூரியைப் பொதுவாக்கினாலன்றி நிலைக்காது என்று தெரிந்தபோது, பெண்களுக்கென்றே நெடுங்காலம் பொருளுதவிய தோழியர் சிலர் வருந்தி மறுத்தனர். அவர்க்கும் அது எளிய முடிவன்று. எனினும் நிறுவனம் வாழ்தல் வேண்டும் என்பதையே அவர் முதன்மையாகக் கொண்டார். 1942-இல் பட்டப்படிப்புத் தொடங்கியது; 1947-இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

1946-இல் அம்மையார் பொறுப்பினின்று ஓய்வு பெற்றார். மகப்பேற்று மருத்துவத்திற் புகழ்பெற்ற டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிறுவனத்தை நடத்திய முதல் இந்தியத் தலைவர் ஆனார். தாம் வைத்த பயிரைத் தமிழ்நாட்டு மகளிரும் பிறநாட்டு மகளிரும் பேணுவதைக் கண்டு மகிழ்ந்து, ஐடா கோடைக்கானல் மலையிலும் வேலூரிலும் தம் இறுதி நாட்களைக் கழித்தார். ஊர்ப்பெயரின்றி அவர் பெயரும் இந்தியா என்பதும் மட்டுமே எழுதப்பட்ட கடிதம் ஒன்று தவறாது அவரிடம் வந்து சேர்ந்தது என்பர். 1960 மே மாதத்தில், 89-ஆம் வயதில், கோடைக்கானலில் அவர் உயிர் நீத்தார். 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

முடிவுரை

அம்மையார் மணம் புரிந்துகொள்ளவில்லை. தமக்கென ஒரு குழந்தையைப் பெற்றாரல்லர். எனினும் அவர் கையிலும், அவர் மாணவியர் கையிலும், அம்மாணவியரின் மாணவியர் கையிலும் பிறந்த குழந்தைகளை எண்ணுதல் எவர்க்கும் இயலாது.

திண்டிவனத்து மூன்று பெண்களின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்கள் ஒரு சொல்லும் சொல்லாமலே இறந்தனர். அவர் பொருட்டுக் கணவர் பேசினர். கணவர் பொருட்டு வழக்கம் பேசியது. அவ்வழக்கம் முற்றும் ஒழிந்ததென்று சொல்லத் துணிகிலேம். எம் அத்தையார் வாய்திறக்க ஏழாண்டு ஆயின. இக்கல்லூரியிற் பயிலும் நாம் நாளை கணவராவோம், மனைவியராவோம், ஆசிரியராகவும் மருத்துவராகவும் ஆவோர் நம்முள் உளர். நம் வீட்டுப் பெண்டிர் தம் உடல்நிலையை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருத்தலும், கேட்கவேண்டிய வினாவை உரிய காலத்திற் கேட்டலும் நம் கடமை. ஐடா அம்மையார் தம் இருபதாம் வயதையொட்டி வாயிலில் நின்று கேட்ட குரலை நாமும் நம் இருபதாம் வயதிற் கேட்போமாக.